இரண்டு கோட்டுப் பாதைக்கு அளவெடுத்த ஜீப்

என் மனைவி மாலதி பஸ் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து எங்கள் வத்தளை வீட்டில் ஒரே பேச்சுதான்: வாகனம். சத்திரசிகிச்சை நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் காலை மடக்கித் தாழ்வான காருக்குள் நுழைய அவளால் முடியாது. த்ரீவீலில் ஏற்றினால் ஒவ்வொரு குழிக்கும் அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது. சீட் உயரமாக உள்ள வண்டியாகப் பாருங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

இந்த வலைப்பதிவை நெடுநாளாக வாசிக்கும் ஒரு கணித மாஸ்டர் அந்தச் சமயத்தில்தான் எழுதினார். தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர். காருக்கும் ஜீப்புக்கும் நடுவில் பிறந்த சின்னக் குடும்ப வண்டி ஒன்று, ஹைபிரிட், நான்கு வருடமாக வைத்திருக்கிறாராம். விற்கப்போகிறாராம், வந்து பார்க்கச் சொன்னார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் வெள்ளி, சனி இரண்டு நாளையும் ஒதுக்கிவிட்டுக் கிளம்பினேன். இதே மாதிரி வண்டியைக் குடும்பத்துக்கு வாங்கலாமா, மலையில் ஓடுமா என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கும் சேர்த்தே பார்த்துவிட்டு வந்தேன். கம்பனியின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். போன தடவை எழுதியபோது பின்னூட்டத்தில் நடந்த அடிதடியே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

வண்டி வாங்கப் போகிறவன் பஸ்ஸில்தான் போக வேண்டும். காலை ஆறு மணிக்குக் கொழும்புக் கோட்டையிலிருந்து ஹட்டன் பஸ். சாதாரண பஸ்தான், ஐந்நூற்று அறுபது ரூபாய். அவிசாவளை வரை தூங்கினேன். கித்துல்கலையில் பிளேன்டீயும் வடையும். கினிகத்தேனை ஏற்றத்தில் மழை தொடங்கியது. பிறகு வீடு திரும்பும்வரை அது நிற்கவே இல்லை. ஹட்டனில் இறங்கும்போது பதினொன்று. பனி மூட்டத்தில் கடைப்பலகைகளைக்கூட வாசிக்க முடியவில்லை. அழகான ஊர் என்று படம் போடுகிறவர்கள் எந்த மாதத்தில் போகிறார்களோ தெரியவில்லை, நான் போகிற மாதமெல்லாம் இப்படித்தான்.

ஹட்டனிலிருந்து பஸ் மாறினால் ஆறு கிலோமீட்டரில் கொட்டகலை. அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கும் நடேசன் என்பவர் என் அலுவலக நண்பரின் மைத்துனர். அவரிடமும் இதே வண்டி இருக்கிறது. மாஸ்டரைப் பார்க்கும் முன் இன்னொரு சொந்தக்காரரின் வாயையும் கிளறிப் பார்க்கலாமே என்று இறங்கினேன். மனிதர் வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்து, ஏதோ சம்பந்தி வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல் வண்டியைப் பற்றிச் சொன்னார்.

“மொதல்ல ஒண்ணு தெரிஞ்சிக்கோங்க. அது ஜீப் இல்லைங்க, ஜீப் வேஷம் போட்ட காரு. இங்க உள்ள ஆளுங்க உசரத்தப் பாத்துட்டு ஜீப்புன்னு சொல்லுவாங்க. நாலு சக்கரமும் இழுக்காது, முன் சக்கரம் ரெண்டுதான் இழுக்கும். சேத்துல எறக்கிட்டு என்னைத் திட்டாதீங்க.”

நல்லதாக ஒன்றும் இல்லையா என்று கேட்டேன்.

“இல்லாம என்ன? சீட்ட மடக்குனா பின்னால எட்டு மூட்டை போவுது. ஏசி நல்லா வேலை செய்யுது, இந்தக் குளிருக்கு அத வெச்சு நாக்கா வழிக்கிறது? எங்க வீட்டம்மாதான் ஏற மாட்டேங்குறாங்க, வெங்காய நாத்தமாம். கோயிலுக்குக் கூப்பிட்டாக்கூட த்ரீவீல் புடிச்சுப் போறாங்க.” அவர் மனைவி உள்ளேயிருந்தே, “ஆமா, சாமி கும்பிடப் போறப்பவும் சாம்பார் வாசத்தோடயா போறது?” என்றார். சிரித்தேன். இந்தப் பயணத்தில் நான் சிரித்தது அநேகமாக அங்கேதான்.

அன்றிரவு தலவாக்கலையில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் தங்கினேன். அறை மூவாயிரத்து ஐந்நூறு. சுடுதண்ணீர் உண்டு, ஆனால் காய்ந்த கம்பளி கிடையாது. காலையில் ஒரு த்ரீவீல் பிடித்தேன். பூண்டுலோயா ரோட்டில் எட்டுக் கிலோமீட்டர், பிறகு இடதுபக்கம் தோட்ட ரோட்டில் இரண்டு. அங்கே ஒரு மாரியம்மன் கோயில். அதன் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் ஆயிரத்து நூறு ரூபாய் கேட்டார்.

“மாஸ்டர் வீடு மேலே என்றாரே?” என்றேன்.

“மேலதாங்க. நம்ம வண்டி இதுக்கு மேல போவாது. பாருங்களேன், ரெண்டு கோட்டு ரோடு.”

பார்த்தேன். தேயிலைக்கு நடுவே மேட்டில் ஏறிப் போகிற பாதையில் இரண்டே இரண்டு கொங்கிரீட் கோடுகள். ஒவ்வொன்றும் ஒன்றரை அடி அகலம். நடுவில் இருந்த மண்ணை மழை அரித்துக்கொண்டு போய் முழங்கால் ஆழத்துக்கு ஓடையாக்கியிருந்தது. செந்தண்ணீர் சலசலவென்று இறங்கிக்கொண்டிருந்தது. கார் ஒன்றின் சக்கரங்கள் அந்தக் கோடுகளில் அழகாக ஓடும். த்ரீவீலின் முன் சக்கரம் நேராகப் பள்ளத்துக்குள் போகும். எந்தப் புத்திசாலி இப்படிப் போட்டான் என்று எனக்குள் திட்டிக்கொண்டே குடையை விரித்து நடந்தேன். ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காலில் இரண்டு அட்டைகள் ஏறியிருந்தன, மேலே போய்த்தான் பார்த்தேன்.

வண்டி, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற புள்ளமடுவத்தின் முற்றத்தில் நின்றது. சாம்பல் நிறம். மாஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும், மெலிந்த மனிதர், கண்ணுக்குக் கீழே கருவளையம். கைகுலுக்கிய மறு நிமிடமே வண்டியின் கதைக்கு வந்துவிட்டார்.

“லயத்துல எங்க போயி வண்டிய நிறுத்துறது? அதனால மொத நாள்ல இருந்து இங்கதான். இங்க நின்னா அது எல்லாருக்கும் உள்ள வண்டிதானேங்க. எம்பேர்ல பதிஞ்சிருக்கு, அவ்வளவுதான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “மறைக்காம சொல்லிர்றேன். இதுக்குள்ள ரெண்டு புள்ளைங்க பொறந்திருக்கு. ஒருத்தரு உசுரும் போயிருக்கு, நானுஓயா கிட்ட. இதச் சொல்லாம விக்கிறது சரியில்லைங்க.”

பேட்டரியின் வயதைக் கேட்க வந்தவன் நான். அவரே மற்றதையும் சொன்னார். மேட்டில் கால்வாசி தூரத்திலேயே பேட்டரி தீர்ந்துவிடும், அதன்பிறகு எஞ்சின் கத்தத் தொடங்கும். லீட்டருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர். பின்னால் பார்க்கிற கமெராவில் எப்போதும் ஆவி படிந்திருக்கும், துணியால் துடைக்க வேண்டும். பின் சீட்டில் ஆட்கள் நிறைந்தால் முன் சக்கரம் ஏற்றத்தில் வழுக்கும். அதனால் நோயாளியை முன்னால்தான் உட்கார வைப்பார்.

“சமவெளியில லீட்டருக்குப் பதினெட்டு வரும்ங்கிறாங்க. நான் எங்க சமவெளிக்குப் போனேன்?” என்றார். “வாங்கும்போது ஃபெமிலி காருன்னாங்க. நாலு வருசத்துல எங்க வீட்டம்மாவையும் மகளையும் ஒரே ஒரு தடவை நுவரெலியா பார்க்குக்குக் கூட்டிக்கிட்டு கெளம்பினேன். லிந்துலை தாண்டல, போன் வந்துருச்சு, ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னு. திருப்பிக்கிட்டு வந்தேன். மக அன்னைக்கு அழுதா பாருங்க, அதுக்கப்புறம் அவ இந்த வண்டியில ஏறுறதே இல்ல.”

அதனால்தான் விற்கிறார். தலவாக்கலை டவுனில் வீடு கட்டியாயிற்று, வருட முடிவில் போய்விடுவார்கள். வண்டி இருந்தால் டவுனுக்கும் போன் வரும், அதனால் வண்டியே வேண்டாம் என்று மனைவி சத்தியம் வாங்கியிருக்கிறார். அந்தம்மா எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். வண்டியின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இந்த இரண்டு கோடு?” என்று கேட்டேன்.

மாஸ்டர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “அத நாங்கதாங்க போட்டோம். முன்ன மண் ரோடு, தட்டுத்தடுமாறி த்ரீவீல் வரும். நான் வண்டி எடுத்ததும் எல்லாருக்கும் ஒரே சந்தோசம், நம்ம டிவிசனுக்கு ஜீப் வந்துருச்சுன்னு. ஞாயித்துக்கெழமை தவறாம எல்லாரும் கூடி சிரமதானம். பொம்பளைங்க மணலத் தலையில சொமந்தாங்க. சீமேந்து முழு ரோட்டுக்கும் பத்தல. சக்கரம் போற எடத்துக்கு மட்டும் போட்டாப் போதுமேன்னு ஒரு யோசனை. வண்டிய நிப்பாட்டி, ரெண்டு பக்கமும் கயிறு கட்டி, சுண்ணாம்பு தூவி, அளந்து போட்டோம். நான் கணக்கு மாஸ்டர் இல்லையா, ஒரு அங்குலம் பிசகல. மூணு சக்கரத்த ஒருத்தரும் நெனைக்கல. ரெண்டு மழையில நடு மண்ணு போயிருச்சு.”

“வேன் வருமே?”

“வரும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வரும். வாரத்துக்கு ரெண்டு தடவை பாக்கியத்தக் கூட்டிட்டுப் போக எந்த வேன்காரன் வருவான்?”

பாக்கியம் யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அப்போதுதான் லயத்திலிருந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு மெல்ல வந்துகொண்டிருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர், இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் சனியும் நுவரெலியா ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். செவ்வாயில் மாஸ்டர் பள்ளிக்கூடம் போகிற வழியில் தலவாக்கலை பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவார், சனியில் பஸ் நிலையம் வரை அதற்கென்றே போவார். அன்று சனிக்கிழமை. வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன் என்று நான் கேட்டது இப்படி ஒரு ஓட்டமாக வந்து முடிந்தது.

“பஸ்ல வேணாம், நுவரெலியா வரைக்கும் நானே ஓட்டுறேன்” என்றேன். வேறென்ன சொல்வது?

பாக்கியம் முன் கதவைத் திறந்தார். கதவுக்கு மேலே உள்ள பிடியில் பழைய சேலைத் துணி ஒன்றை முறுக்கி வளையமாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இடது கையில் ஊசி ஏற்றுகிற இடம் இருப்பதால் அந்தக் கையால் எதையும் பிடித்து இழுக்கக் கூடாதாம்; வலது கைக்கு அந்தப் பிடி எட்டவில்லையாம். வளையத்தைப் பிடித்தார், ஒரு மூச்சு விட்டார், காலை மடக்காமலே உட்கார்ந்தார். மாலதிக்காக நான் தேடி அலைந்த அதே சீட், அதே உயரம்.

அந்தக் கோடுகளில் வண்டியை ஊர்ந்து இறக்கினேன். ஒரு பக்கம் சரிவு, நடுவில் ஓடை, மேலே மூடுபனி. பின் சீட்டிலிருந்து மாஸ்டர், “வலது சக்கரத்த மட்டும் பாருங்க, மத்தது தானா வரும்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். வந்தது. நான் ஓட்டிய எந்தச் சாலையிலும் ஒரு வண்டி இவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்து நான் கண்டதில்லை. கோயில் தாண்டியதும்தான் மூச்சு விட்டேன்.

“அண்ணே, அக்காவுக்கு இடுப்பு ஒடஞ்சிருக்குன்னு சேர் சொன்னாரு” என்றார் பாக்கியம், பின்னால் இருந்த மாஸ்டரைக் காட்டி. “அப்ப இது சரியா வரும். தாழ்வான காருன்னா குனிஞ்சு ஏறணும், உயிரு போயிரும். சீட்டக் கொஞ்சம் பின்னால தள்ளி வெச்சிக்கச் சொல்லுங்க. முதுகுக்கு ஒரு சின்னத் தலவாணி வெச்சா இன்னும் நல்லது.”

“நான் வாங்குவதாக இன்னும் சொல்லவில்லையே” என்றேன்.

“நீங்க வாங்கலேன்னா வேற யாராச்சும் வாங்குவாங்க. சேரும் எவ்வளவு நாளைக்குத்தான் செய்வாரு? அவருக்கும் ஒரு பொம்பளப் புள்ள இருக்குல்ல.” பிறகு சிரித்துக்கொண்டே பின்னால் திரும்பி, “டவுனுக்குப் போனதும் எங்கள மறந்துறாதீங்க சேர், பஸ்ல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்காதீங்க” என்றார். மாஸ்டர் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

லிந்துலை, நானுஓயா என்று ஏறினோம். தலவாக்கலையிலிருந்து முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். மாஸ்டர் சொன்னதுபோலவே எஞ்சின் கத்தியது. ஆனால் உள்ளே பேச்சுக்குத் தடையில்லை, குலுக்கல் குறைவு, ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது. இதையெல்லாம் உங்களுக்காக மனதுக்குள் குறித்துக்கொண்டேன். நானுஓயா வளைவு ஒன்றில் மாஸ்டர் சட்டென்று பேச்சை நிறுத்திக் கைகூப்பினார். ஏன் என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பாக்கியம் இறங்கி, “ரொம்ப நன்றிங்க அண்ணே, பஸ்ல நின்னு வராம வந்தது இன்னைக்குத்தான், பெரிய சந்தோசம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் வாசலிலேயே நின்று மாலதிக்குப் போன் எடுத்தேன்.

“கால மடக்காம ஏறலாமா?” அவள் கேட்டது அது ஒன்றுதான்.

“ஏறலாம்.”

“அப்ப வாங்குங்களேன், இன்னும் என்ன யோசனை?” பஸ் படியில் விழுந்த பிறகு அவள் குரலில் அந்தளவு உற்சாகத்தை நான் கேட்டதே இல்லை.

பாக்கியத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்டரிடம் திரும்பி, நீங்கள் போன பிறகு இவர் என்ன செய்வார் என்று கேட்டேன். “கேக்காதீங்க” என்றார். “டவுன்ல வீடு கட்ட ஆரம்பிச்சதுல இருந்து அந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடாம வெச்சிருக்கு.” ஆஸ்பத்திரி வாசலில், மழையில், இருவரும் விலை பேசி முடித்தோம். அடுத்த ஞாயிறு அவரே வண்டியை வத்தளைக்கு ஓட்டிவந்து விட்டுவிட்டு, ஒரு சாப்பாடுகூடச் சாப்பிடாமல் பஸ் ஏறிப் போனார்.

வாங்கியது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். என் வீட்டிலும் ஒருத்தி படியேற முடியாமல் கிடந்தாள். ஆனால் சந்தோஷமாக வாங்கினேன் என்று எழுதினால் அது பச்சைப் பொய். இந்த ஊரில் ஒரு வண்டி கைமாறினால் மாறியது வண்டி மட்டும்தான். அங்கே ஒரு டிவிசனுக்கே கால் போயிருக்கிறது.

கேட்டவர்களுக்காகச் சில விஷயங்கள். நான்கு பேருக்கும் மலை ரோட்டுக்கும் இந்த வகை வண்டி தாராளம்; சேற்றுக்கும் ஏற்றமான மண் ரோட்டுக்கும் இதை நம்பாதீர்கள். தார் ரோட்டில் இறக்கமாக வந்தால் பெற்றோல் கிட்டத்தட்ட செலவே ஆகாது, ஏறும்போது வட்டியும் முதலுமாக வாங்கிக்கொள்ளும். முதுகு, இடுப்பு, முழங்கால் நோயாளி வீட்டில் இருந்தால் விலையைக் கேட்கும் முன் அவர்களை முன் சீட்டில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தலவாக்கலைப் பக்கம் போனால் இரண்டு சோடி சப்பாத்தும், அட்டைக்குச் சவர்க்காரமும் கொண்டுபோங்கள். பூண்டுலோயா ரோட்டில் அந்தக் கோயிலுக்கு மேல் த்ரீவீல் போகாது. வாக்குவாதம் செய்யாமல் நடங்கள்.

வண்டி வந்த மறுவாரம் மாலதியைச் சோதனைக்குக் கூட்டிப்போகக் கதவைத் திறந்தேன். அவள் யோசிக்காமல் அந்தச் சேலை வளையத்தைப் பிடித்தாள், உட்கார்ந்தாள், ஒரு முனகல்கூட இல்லை. “யாருங்க இதக் கட்டினது? நல்ல வசதியா இருக்கே, அவுத்துறாதீங்க” என்றாள். அதற்குமேல் மறைக்க என்னால் முடியவில்லை. சொன்னேன், எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில், “அப்ப அவங்க இப்ப எதப் புடிச்சுக்கிட்டு ஏறுறாங்க?” என்றாள்.

அங்கேயே மாஸ்டருக்குப் போன் போட்டேன்.

“ஏறுறதுக்கு என்ன இருக்குங்க?” என்றார். “பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில குறுக்க ரெண்டு மூங்கிலக் கட்டி, நாலு பேரு தூக்கிட்டு வர்றாங்க. கோயில் வரைக்கும், அங்கருந்து த்ரீவீல். ரெண்டு பேரு இந்தக் கோட்டுல, ரெண்டு பேரு அந்தக் கோட்டுல. நாற்காலி நடுவுல, தண்ணிக்கு மேல. அளவு சரியா இருக்குதுங்க.” பிறகு சொன்னார்: “பாக்கியம் சிரிக்கிது. உசுரோடயே சாவுத் தேர்ல போறவ நான் ஒருத்திதான்னு.”

போனை வைத்தேன். சத்தம் பெரிதாக வைத்திருந்ததால் மாலதியும் கேட்டுவிட்டாள். அவள் துணியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வளையத்தை நாங்கள் அவிழ்க்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மாலதி கதவின் விளிம்பைப் பிடித்துத்தான் ஏறுகிறாள். வலிக்கிறது, முகத்தில் தெரிகிறது.